துணையை இழந்தவரின் இதயம்: பதினாறாம் நாளுக்குப் பிறகு யார் பார்ப்பது?

"அம்மா போயி முழுசா மூணு மாசம் ஆகல, அப்பாவும் போயிட்டாரு." தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளி பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த ஊர் துக்க வீட்டிலும் காதில் விழுகிற பேச்சு இது. "ஏக்கத்துலயே போயிட்டாரு, பாவம்" என்று பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

ஏக்கம் உண்மையிலேயே ஆளைக் கொல்லுமா? நேரடியாகக் கொல்வது மிக அரிது. ஆனால் துணையை இழந்த முதல் சில நாட்களிலும் வாரங்களிலும் மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது. இது ஆயிரக்கணக்கானவர்களின் மருத்துவப் பதிவுகளை எண்ணிப் பார்த்துச் சொல்லப்பட்ட விஷயம். அந்த ஆபத்தைக் கூட்டுகிற பல காரணங்கள் வீட்டில் இருப்பவர்கள் கவனித்தால் சரிசெய்யக்கூடியவை என்பதுதான் ஆறுதல். மறந்துபோன மாத்திரை, கெட்டுப்போன தூக்கம், 'வாயு' என்று ஒதுக்கிவிட்ட நெஞ்சுவலி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

பெங்களூரு, ஓசூர், சென்னை என்று வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் அப்பாவையோ அம்மாவையோ விட்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1969-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் காலின் முர்ரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'உடைந்த இதயம்' என்பதுதான் அதன் தலைப்பு. 55 வயதுக்கு மேல் மனைவியை இழந்த 4,486 ஆண்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆறு மாதங்களில் 213 பேர் இறந்திருந்தார்கள். அதே வயதுள்ள திருமணமான ஆண்களிடம் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட இது 40 சதவீதம் அதிகம். இந்தக் கூடுதல் சாவுகளில் பெரும்பகுதிக்கு இதய நோய்தான் காரணம். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வித்தியாசம் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது.

2014-ல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வு, துணையை இழந்த 60 முதல் 89 வயதுவரையான 30,447 பேரின் பதிவுகளைப் பார்த்தது. துணை இறந்த முதல் 30 நாட்களில் அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்த விகிதம், மற்றவர்களுக்கு வந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

'இரண்டு மடங்கு' என்றதும் பதறத் தேவையில்லை. கணக்கை விரித்துப் பாருங்கள். துணையை இழக்காத 10,000 முதியவர்களில் ஒரு மாதத்தில் சுமார் 8 பேருக்கு இப்படி நடந்தது. துணையை இழந்தவர்களில் அது சுமார் 16 பேர். மிச்சமுள்ள 9,984 பேர் துக்கத்தோடு இருந்தார்கள். ஆனால் இதயம் தாங்கியது. பயப்படுவதற்கு அல்ல, ஒரு மாதம் கூடுதல் கவனமாக இருப்பதற்குத்தான் இந்த எண்.

அமெரிக்காவில் 2012-ல் வந்த ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. மாரடைப்பு வந்த 1,985 பேரிடம் விசாரித்ததில், மிக நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து வழக்கத்தைவிட சுமார் 21 மடங்கு கூடுவது தெரிந்தது. அடுத்தடுத்த நாட்களில் அது இறங்கிக்கொண்டே போனது. ஆக, ஆபத்து உச்சத்தில் இருப்பது எழவு வீட்டில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த முதல் நாளில்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பெரிய அதிர்ச்சி வந்ததும் உடம்பு அட்ரினலின், கார்டிசோல் போன்ற ஹார்மோன்களைக் கொட்டுகிறது. இதயத் துடிப்பு கூடும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுலபமாக ஒட்டிக்கொள்ளும் நிலைக்குப் போகும். ரத்தக்குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிவு இருப்பவருக்கு இந்தச் சூழலில் அடைப்பு ஏற்படலாம். சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், புகைபிடிப்பவர் ஆகியோரை முதலில் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

இதிலிருந்து வேறுபட்ட இன்னொரு நிலை இருக்கிறது. அதன் பெயர் 'டகோட்சுபோ'. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தது. அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறையின் நுனி தற்காலிகமாகச் செயலிழந்து பலூன் மாதிரி உப்பிவிடும். ஜப்பான் மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கப் பயன்படுத்தும், கழுத்து சிறுத்து அடி உருண்ட குடுவையைப்போல இதயம் தெரிந்ததால் அந்தக் குடுவையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இ.சி.ஜி. மாற்றம் எல்லாம் அச்சு அசலாக மாரடைப்பு மாதிரியே இருக்கும். ஆஞ்சியோ செய்து பார்த்தால், அந்த வலிக்குக் காரணமாகச் சொல்லும்படி அடைப்பு இருக்காது. இந்தப் பாதிப்பு வருபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெண்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதினர். பலருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனாலும் முதல் சில நாட்கள் மருத்துவமனைக் கண்காணிப்பு கட்டாயம். "அழுது அழுது வந்த வலிதான், தூங்கினா சரியாயிடும்" என்று யாரும் வீட்டிலேயே முடிவெடுக்கக் கூடாது. இது எந்த வகை வலி என்று மருத்துவமனையில்தான் சொல்ல முடியும்.

அப்பாவுக்கு ஒரு சிக்கல், அம்மாவுக்கு வேறு சிக்கல்

மனைவியை இழந்த ஆண்களிடம் அடிக்கடி தெரியும் முதல் பிரச்சினை வீட்டு நிர்வாகம். எந்த டப்பாவில் எந்த மாத்திரை, காலையில் எது, ராத்திரி எது, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று எல்லாம் அம்மாவின் தலைக்குள் இருந்திருக்கும். அம்மா போனதும் அந்தப் பட்டியலும் போய்விடும். களி கிண்டத் தெரியாது, குழம்பு வைக்கத் தெரியாது. ஊறுகாயும் மோர்சோறுமாக நாட்கள் ஓடும். ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாமே உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர் உள்ளவருக்கு இது இன்னும் முக்கியம். அதோடு 'தூக்கம் வரட்டும்' என்று ஆரம்பிக்கும் குடி. குடி தூக்கத்தையும் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், இதயத் துடிப்பின் சீரையும் குலைக்கும்.

கணவனை இழந்த பெண்களுக்குச் சமையல் தெரியும்; சாப்பிட மனசு வராது. அதற்கு மேல் சுமத்தப்படும் ஒதுக்கல் இருக்கிறது. நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது, கோயிலுக்கு இப்போது வரக் கூடாது என்பது போன்ற பேச்சுகள் இன்னும் போகவில்லை. ஈரோடு மாவட்டத்தில் கைம்பெண் ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. தனிமை மனசை மட்டும் பாதிப்பதில்லை. நீண்ட காலத் தனிமைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பணக் கவலையும் சேர்ந்துகொள்ளும். வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, பட்டா மாற்றம் என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். ஆதரவற்ற கைம்பெண்களுக்கான மாத உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்த அலைச்சலைப் பிள்ளைகள் கையில் எடுத்துக்கொள்வதே அம்மாவின் ரத்த அழுத்தத்துக்குச் செய்யும் ஒரு உதவிதான்.

பதினாறு நாள் கூட்டம், பதினேழாம் நாள் வெறுமை

நல்லம்பள்ளி, தொப்பூர், இண்டூர், லளிகம் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் சாவு வீட்டைத் தனியாக விடமாட்டார்கள். பங்காளிகள் வருவார்கள், சம்பந்தி வீட்டார் அரிசி பருப்போடு வருவார்கள், பக்கத்து வீட்டில் சோறாக்கிக் கொடுப்பார்கள். காரியம் முடியும்வரை வீடு நிறைய ஆள். துக்கத்தில் இருப்பவரைத் தாங்கிப் பிடிக்க ஊர் கண்டுபிடித்த அருமையான ஏற்பாடு இது.

ஆனால் இதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, கூட்டம் இருக்கும் நாட்களில் எல்லோரும் சடங்கைப் பார்ப்பார்கள், உயிரோடு இருப்பவரின் மாத்திரையை யாரும் பார்க்க மாட்டார்கள். "யாராவது குடுத்திருப்பாங்க" என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். இரண்டு, கருமாதி முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு லீவு முடிந்திருக்கும். பெங்களூரு பஸ் ஏறிவிடுவார்கள். ஆபத்தான முதல் 30 நாளில் பாதி இன்னும் பாக்கி இருக்கும்போது வீடு காலியாகிவிடுகிறது.

முதல் ஆறு மாதம்: ஒரு குடும்பத் திட்டம்

ஒருவர் பொறுப்பு ஏற்கட்டும். 'எல்லோரும் பார்த்துக்குவோம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மகளோ மகனோ மருமகளோ, அண்ணன் பையனோ, ஒரு பெயர் முடிவாக வேண்டும்.

மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள். மெட்டோபிரோலால், அடெனோலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறலாம். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட்டிலேயே அடைப்பு வரலாம். எல்லா மாத்திரைச் சீட்டையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வையுங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துவைக்கும் டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

வெறும் வயிற்றில் சர்க்கரை மருந்து வேண்டாம். சாப்பிடாமல் இருக்கும்போது வழக்கமான இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கலாம். சாப்பாடு குறைந்திருந்தால் மருந்தளவை என்ன செய்வது என்று டாக்டரிடம் அன்றைக்கே கேளுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு செக்-அப். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஏற்கெனவே இதயப் பிரச்சினை இருந்தால் இ.சி.ஜி. "வீட்டுல துக்கம் நடந்திருக்கு" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இதுவரை பதிவு செய்யவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சில நாள் தூக்கம் வராதது இயல்பு. இரண்டு மூன்று வாரம் தாண்டியும் வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். ஆஸ்பிரினும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் நெருங்கிய உறவை இழந்த 85 பேருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் மெட்டோபிரோலாலும் கொடுத்துப் பார்த்ததில் ரத்த அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. ஆனால் அது டாக்டர்கள் கண்காணிப்பில் நடந்த சிறிய ஆய்வு. வயிற்றுப்புண், ரத்தக்கசிவு உள்ளவருக்கு ஆஸ்பிரின் ஆபத்து.

நடக்க ஒரு காரணம் உண்டாக்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது பொதுப் பரிந்துரை. துக்கத்தில் இருப்பவரிடம் "வாக்கிங் போ" என்றால் போக மாட்டார். "பால் வாங்கிட்டு வாங்கப்பா", "சந்தைக்குப் போயி தக்காளி பாத்துட்டு வாங்க" என்றால் போவார். நாலு பேரைப் பார்ப்பார், பேசுவார்.

இந்த அறிகுறி வந்தால் காத்திருக்காதீர்கள்

நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், வலி இடது கை, தாடை, தோள், முதுகுக்குப் பரவுவது, குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, மயக்கம். இவை மாரடைப்பின் வழக்கமான அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் கடும் அசதி, குமட்டல், மேல்வயிற்று எரிச்சல் மட்டும் வரலாம். 'கேஸ்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அறிகுறி.

உடனே 108. சேலமா, பெங்களூரா என்று விவாதிக்கும் நேரம் அது இல்லை. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்குத் தர வேண்டிய முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள். நல்லம்பள்ளிப் பகுதிக்குப் பெரிய அரசு மருத்துவமனை தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நோயாளியை பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள்.

துக்கத்துக்குக் காலக்கெடு உண்டா?

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிநிலை சொல்லும் பதிவுகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது, சாவை எதிர்கொண்டிருந்த நோயாளிகளைப் பற்றி. துணையை இழந்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து அன்றாட வாழ்க்கைக்கு நெருக்கமானது. துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்பை நினைத்து அழுவார், கொஞ்ச நேரம் வேலையைப் பார்ப்பார், மறுபடியும் அழுவார். இப்படி அங்கும் இங்கும் ஊசலாடுவதுதான் ஆரோக்கியம். காலையில் சிரித்துப் பேசிய அப்பா சாயந்திரம் அம்மாவின் புடவையைப் பார்த்து உடைந்துபோனால், அது பின்னடைவு இல்லை.

அழுவதற்கு இந்த மண்ணில் எப்போதும் இடம் இருந்திருக்கிறது. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. அவன் பெயர் தாங்கிய அதியமான்கோட்டை நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில்தான். ஒப்பாரி வைத்து அழுத ஊரில் "ஆம்பள அழக் கூடாது" என்ற வசனத்துக்கு வேலை இல்லை. அதே நேரம், சிலப்பதிகாரத்தில் பாண்டியன் உயிர்விட்டதும் உடனே உயிர்விட்ட கோப்பெருந்தேவியைப்போல, 'கூடவே போவது'தான் பாசம் என்று போற்றவும் வேண்டாம். இருப்பவர் நன்றாக வாழ்வது, போனவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் மனைவி ராஜம் 1939-ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். நாராயணுக்கு அப்போது 32 வயது. கையில் சின்னப் பெண் குழந்தை. கொஞ்ச காலம் எழுத்தே ஓடவில்லை. பிறகு அந்த இழப்பையே 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலாக எழுதினார், 1945-ல் வெளியானது. மறுமணம் செய்துகொள்ளவில்லை, மகளை வளர்த்தார், தொடர்ந்து எழுதினார், 94 வயது வரை வாழ்ந்தார். ராஜத்தை அவர் மறக்கவில்லை. அந்த நினைவோடு சேர்த்தே வாழக் கற்றுக்கொண்டார்.

ஆனால் மாதங்கள் ஓடியும் ஏக்கம் கொஞ்சமும் குறையாமல், சாப்பாடு, குளியல், வேலை எதுவுமே நடக்காத நிலை இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. 'நீடித்த துக்கக் கோளாறு' என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது அதன் அளவுகோல். "நானும் போயிட்டா நல்லா இருக்கும்" என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே உதவி தேடுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவிக்கு 104, முதியோர் உதவிக்கு 14567, சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050.

தொலைவில் இருக்கும் பிள்ளைகள் தினமும் போன் செய்வார்கள். "சாப்டீங்களா?" என்றால் "ம், சாப்டேன்" என்று பதில் வரும், சாப்பிட்டிருக்கவே மாட்டார். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: "என்ன சாப்டீங்க? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குனீங்க? காலை மாத்திரை போட்டாச்சா, டப்பாவைக் காட்டுங்க பாப்போம்." கடைசியாக இன்னொன்றையும் கேளுங்கள்: "இன்னைக்கு அம்மா ஞாபகம் வந்துச்சாப்பா?" அதைக் கேட்டால் அவர் அழுதுவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் காத்துக்கொண்டிருக்கலாம்.